ஆடி மாதத்துக் கெட்டிமேளம்

தாலி கட்டுகிற நேரத்தில் எவனாவது தும்மித் தொலைப்பான், எவளாவது கொலுசைக் காணாமல் ‘ஐயோ’ என்பாள், சமையல்கட்டுப் பக்கம் யாராவது யாரையாவது நாசமாய்ப் போகச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார்கள், அந்த மாதிரிச் சொல் ஒன்றும் பெண் மாப்பிள்ளை காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஐயர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டியதும் நாதஸ்வரமும் தவிலும் ஒரே மூச்சாக எழும்பி மண்டபத்தை அடைத்துக்கொள்கின்றன, அதற்குப் பெயர்தான் கெட்டிமேளம், இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்ற ஊர்களில் கெட்டிமேளம் கெட்ட சொல்லை மூடும், அவ்வளவுதான் அதனால் முடியும். எங்கள் செங்காட்டூர் கொண்டத்தம்மன் மண்டபத்தில் மட்டும் அது சொல்லை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது.

நான் அந்த மண்டபத்துக்கு நேர் எதிரே ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக் கொடுக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில்தான் வெளியே வருகின்றன, மை காய்வதற்கும் ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன, ஆகவே என் கண்ணில் படாமல் இந்த ஊரில் நல்லதும் நடந்துவிடாது, கெட்டதும் நடந்துவிடாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஏன் நடந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், அது எனக்கும் தெரியாது, மேளம் வாசிக்கிற பொம்மையைச் செய்த கம்பெனிக்காரனுக்கும் தெரியாது.

மண்டபம் சென்னியப்பனுடையது. நல்ல மனிதர், ஆனால் மானம் போனால் தாங்க மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசி முகூர்த்தத்தில், மூன்று மண்டபத்துக்கு ஒத்துக்கொண்டிருந்த மேளக்காரர்கள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ள, நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் பதற, மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி காத்திருக்க, கடைசியில் சமையல்காரர்கள் சாம்பார் அண்டாவையும் ரசவாளியையும் மேடைக்குத் தூக்கி வந்து கரண்டியால் தட்டித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. அதை எவனோ வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். சென்னியப்பன் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை, தலைகாட்டியபோது கோயம்புத்தூரிலிருந்து ஒரு மினி லாரியோடு வந்தார், லாரியில் இரண்டு ரோபோக்கள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தன.

ஒன்று நாதஸ்வரம் வாசிக்கும், இன்னொன்று தவில் அடிக்கும். ஆள் உயரம், ஆள் அகலம், பட்டு வேட்டி, மேலே சரிகைத் துண்டு, நெற்றியில் யாரோ வைத்த சந்தனம். கம்பெனிக்காரன் அவற்றுக்கு ஏதோ நம்பர் பெயர் சொன்னான், எங்கள் ஊர் வாயில் அது நுழையவில்லை, நாதஸ்வரத்துக்குப் பெரியவர் என்றும் தவிலுக்குச் சின்னவர் என்றும் வைத்துக்கொண்டோம். பெரியவர் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கம்ப்ரஸர் இருந்தது, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காற்று வந்து நாதஸ்வர முனையிலிருக்கிற சீவாளிக்குப் போகும். சின்னவருக்கு விரலே இரும்பு. கண்ணுக்குப் பதில் கேமரா, மேடையில் யாராவது ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினால் போதும், பார்த்துப் புரிந்துகொண்டு கெட்டிமேளம் எழுப்பும்படி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுந்து நடக்கத் தெரியாது என்பதால் மாப்பிள்ளை அழைப்புக்கும் ஊர்வலத்துக்கும் பழைய மேளக்காரர்களே வந்தார்கள், ரயில்வே கேட்டில் நின்று டீ குடித்துவிட்டு அவசரமில்லாமல் வந்தார்கள்.

தை மாதக் கல்யாணம் ஒன்றில்தான் விஷயம் வெளியே வந்தது. மூலனூரிலிருந்து வந்த பெண்ணின் தாய்மாமன் பழனியப்பன், தன்னை முறையாக மேடைக்கு அழைத்து மாலை போடவில்லை, தன்னை விட்டுவிட்டுப் போட்டோ எடுத்துவிட்டார்கள் என்று முகம் சிவந்து மேடையேறி, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முன்னால் விரலை நீட்டி ஆட்டினார்.

“உங்கூட்டு வண்டவாளம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இந்தச் சபையில வெச்சுச் சொல்லட்டுமா? சொல்லட்டுமா?”

விரலைப் பார்த்த பெரியவரும் சின்னவரும் கெட்டிமேளத்தை எழுப்பிவிட்டார்கள். மனிதர் நிறுத்தவில்லை, கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்தார், நாங்கள் பார்த்ததெல்லாம் அவர் வாய் திறந்து மூடியதைத்தான். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். மேளம் ஓய்ந்தது. பழனியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார், நீட்டிய விரலைப் பார்த்தார், அதை என்ன செய்வது என்று தெரியாமல் காதைக் குடைந்துகொண்டார்.

“என்னுங் மாமா சொன்னீங்க? ஒண்ணும் கேக்கல” என்றான் ஒரு சொந்தக்காரன், வம்பு கேட்கும் ஆசையில்.

“நானா? எதப்பத்தி?” என்றார் அவர். “பந்தி போட்டாச்சாப்பா? நெம்பப் பசிக்குது.”

முதலில் எல்லோரும் அவருக்கு பி.பி. என்றார்கள். அடுத்த முகூர்த்தத்தில் ஐயர், வழக்கம்போல விரலை ஆட்டிக்கொண்டே மாங்கல்ய மந்திரத்தைச் சொன்னவர், மூன்றாவது முகூர்த்தத்துக்கு வந்தபோது புத்தகத்தைத் திறந்து வைத்து அதைப் புதுப்பாடம் மாதிரி எழுத்துக்கூட்டினார். சமையல் மாஸ்டர் ஒருவர் கெட்டிமேளம் முழங்கும்போது மைசூர்பாகின் பதத்தை உதவியாளிடம் கத்திச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து மைசூர்பாகு கிண்ட வராமல் லட்டுக்கு மாறினார். கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பொம்மைகளின் மண்டையைக் கழற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு தடவை வாசிக்கவிட்டுப் பார்க்கிறேன் என்று விரலை ஆட்டி, போனில் தன் மேலதிகாரிக்கு நிலவரத்தைச் சொன்னார், மேளம் நின்றதும் தான் எதற்காக இந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று சென்னியப்பனிடமே கேட்டார். நல்ல மனிதர், சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

ஆக, விதி இதுதான் என்று ஊருக்குப் பிடிபட்டது. அந்தக் கெட்டிமேளத்துக்கு அடியில் வாய்விட்டு எதைச் சொன்னாலும் அது யார் காதிலும் விழாது, சொன்னவர் மனதிலும் தங்காது. சொன்னவருக்கு மட்டும்தான் மறக்கும், மற்றவர்களுக்குத் தெரிந்தது அப்படியே இருக்கும். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் லாரி வரும் நேரம் மாறினால் எப்படி மாறிக்கொள்வோமோ அப்படி மாறிக்கொண்டோம். ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டே விரலைத் தூக்கினார். அட்சதை போடும்போது ஜனங்கள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்கள், குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். ‘கெட்டிமேளத்தின்போது பேச வேண்டாம்’ என்று நானே ஒரு பேனர் அடித்துக் கொடுத்தேன், ‘அன்புடன், நிர்வாகம்’ என்று கீழே போட்டேன்.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும், சென்னியப்பன் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார், நாற்காலிக்கு வயர் பின்னுவார். அந்த ஆடியில், முதல் வெள்ளிக்கிழமையே, ஒரு பெண் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றாள். மாமியார் தன்னை முதல் பிரசவத்தின்போது ஒரு சொல் சொன்னார் என்றும், மாமியார் செத்து எலும்பும் கரைத்தாகிவிட்டது, சொல் மட்டும் போகமாட்டேன் என்கிறது என்றும், அதைப் பெரியவர் சின்னவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றும் கேட்டாள். மேளக்காரரை அழைக்கிற முறைப்படி தட்டு வைத்து அழைக்கிறாள், எப்படி மறுப்பது என்று சென்னியப்பன் திறந்துவிட்டார். அவள் மணமேடையில் தனியாக உட்கார்ந்து விரலை ஆட்டினாள், மேளம் எழுந்து ஓய்ந்தது, இறங்கி வந்தவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வந்த வழியே பூப்பறித்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து வரிசை. தோற்ற தேர்தலைச் சொல்ல வந்தார் ஒருவர், சொல்லிவிட்டு இறங்கி, தன்னைத் தோற்கடித்த வார்டு கவுன்சிலரைப் பார்த்துத் ‘தம்பி யாரு’ என்று விசாரித்தார். பிடித்த சினிமாவின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, நேராகத் தியேட்டருக்குப் போய் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்து அழுதான் ஒருவன். விட்டுப்போன காதலி, விட முடியாத பயம், அப்பனிடம் வாங்கிய அடி, ஜோசியன் சொன்ன கெட்ட வாக்கு என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். வரிசையில் நிற்பவர்கள் மேடையில் இருப்பவரின் உதட்டைப் பார்க்கக் கூடாது, தலையைக் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஒரு மரியாதை வந்துவிட்டது. வம்புக்கு அலைகிற எங்கள் ஊரில் இது வந்ததுதான் எனக்கு அதிசயம், மற்றது கூட இல்லை.

எல்லாம் சுபமாகவும் போகவில்லை. டெய்லர் கருப்பணனுக்கும் பால் சொசைட்டி ராமலிங்கத்துக்கும் காம்பவுண்டுச் சுவர் விஷயமாகப் பல வருடச் சண்டை, கோர்ட்டு வரை போன சண்டை. கருப்பணன் போய் அந்தச் சண்டையை மேளத்தில் கொட்டிவிட்டு வந்து, மறுநாள் காலையில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, ‘என்ன ராமலிங்கம், டீ குடிச்சாச்சா’ என்றான். ராமலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டினார், கருப்பணன் எதற்கு என்று புரியாமல் சிரித்தான். தனியாக எத்தனை நாள் சண்டை போடுவது? மனிதர் பாதியாக இளைத்து, கடைசியில் மண்டபத்துக்கு வந்து சென்னியப்பனின் சட்டையைப் பிடித்தார்.

“என்ற சண்டையில பாதிய அவன் உங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிட்டான். திருப்பிக் குடுங்க. ஒத்தையா இத வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?”

ஊர் சிரித்தது. சிரிக்காத ஆள் ஒருவன் உண்டு, அவன் அருணாசலம்.

பஸ் ஸ்டாண்டு ஓரம் பஞ்சர் கடை வைத்திருப்பவன். கம்ப்ரஸர் வேலை தெரியும் என்பதால், பெரியவர் வயிற்றில் குழாய் விரிசல் விட்டாலும் வாஷர் தேய்ந்தாலும் சென்னியப்பன் அவனைத்தான் கூப்பிடுவார். அவனுக்கும் வசந்தாமணிக்கும் ஒரே பெண், இலக்கியா, நாலாவது படித்தாள், போன கார்த்திகையில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கொண்டுவந்தபோது அவனிடம் இருந்தது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் கத்தரிக்காயாக நின்ற படம் ஒன்றுதான், அதில்தான் பிள்ளை வாய் நிறையச் சிரித்திருந்தது. காம்பு மாதிரி தலையில் கட்டியிருந்த பச்சைத் துணியை நான் கம்ப்யூட்டரில் அழித்து, முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை என்று ஒன்றும் இல்லை. வசந்தாமணி சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். சாயங்காலம் ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டால் கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான், வேன் போனபிறகுதான் வருவான், கஸ்டமர்களும் அதற்குப் பழகிப்போனார்கள். அவன் பெரியவர் வயிற்றைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும், வரிசையில் வந்தவர்கள் லேசாக இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆடி பதினெட்டு கழிந்து ஒரு நாள் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அண்ணா, நாளைக்கு நானும் போலாம்னு இருக்கறேன்.”

எதைச் சொல்லப் போகிறான் என்று நான் கேட்பதற்கு முன்பே அவனே சொன்னான்.

“பொறந்ததுல இருந்து எல்லாத்தையும் சொல்லிரலாம்னு இருக்கறேனுங். மேளம் நிக்கறதுக்குள்ள முடியலீன்னா இன்னொருக்கா விரலத் தூக்கிக்கறேன். எனக்குப் புள்ளையே இருக்கலீன்னு ஆயிப்போகட்டும். என்னால முடியலீங்ணா.”

“வசந்தாமணிகிட்டச் சொன்னயா?”

“சொன்னேன்.”

அவள் என்ன சொன்னாள் என்பது அன்று மத்தியானமே எனக்குத் தெரிந்தது. பாதியில் வேலையைப் போட்டுவிட்டு மில்லிலிருந்து நேராக வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சு.

“நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. அவிய மறந்துட்டாங்கன்னா நான் அந்தப் புள்ளையப் பத்தி ஆருகிட்டப் பேசறது? பொறந்த அன்னிக்குச் சாரல். நனைஞ்சுட்டே வந்து, தலையக்கூடத் தொவட்டாம புள்ளைய வாங்குனாங்க. வாங்குனவிய அவிய, பாத்தவ நான். அதுல ஒராளு போயிட்டா, அப்படி ஒண்ணு நடந்துச்சான்னு எனக்கே சந்தேகம் வந்துருமுங்க.”

“ராமலிங்கம் கதை மாதிரி” என்றேன், பேச்சுக்கு.

“அது சொவருங்கண்ணா” என்றாள். “இது என்ற புள்ளை.”

எனக்கு அவனைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அவளைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, என் மெஷினில் எதையாவது அடித்துக் கொடுத்து இதைத் தீர்க்க முடிந்தால் இலவசமாகவே அடித்துக் கொடுத்திருப்பேன். அருணாசலத்திடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன், சொல்லியும் பார்த்தேன், அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ‘அவளுக்கு நெனப்பு இருக்கட்டுமுங், எனக்கு வேண்டாம்’ என்றான்.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. ஆடி முடிந்தால் மண்டபம் மறுபடி கல்யாணத்துக்குப் போய்விடும் என்பதால் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அருணாசலம் தட்டோடு உட்கார்ந்திருந்தான், வெள்ளை வேட்டி கட்டியிருந்தான், சவரம் செய்திருந்தான். பக்கத்து நாற்காலியில் வசந்தாமணி. அவள் மடியிலும் ஒரு தட்டு இருந்ததை அவனுக்கு முறை வரும்வரைக்கும் அவன் கவனிக்கவில்லை.

“அருணாசலம், வாப்பா” என்றார் சென்னியப்பன்.

“நான் முன்னால போறேன்” என்று வசந்தாமணி எழுந்தாள்.

“நீ எதுக்கு?” என்றான். அப்போதுதான் அவனுக்குத் தட்டு கண்ணில் பட்டது. எட்டி அவள் முந்தானையைப் பிடித்தான். “வசந்தா, வேண்டாம் வசந்தா. நீயும் மறந்துட்டீன்னா புள்ளைக்கு ஆருமே இல்லாமப் போயிருமே.”

அவள் முந்தானையைப் பிடித்த அவன் கையை விலக்கிவிட்டு மேடையேறினாள், பெரியவருக்கும் சின்னவருக்கும் முன்னால் தட்டை வைத்தாள், கல்யாணப் பெண்கள் உட்காருகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், விரலைத் தூக்கினாள். கெட்டிமேளம் எழுந்தது. நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அருணாசலம் மட்டும் தரையைப் பார்க்காமல், மேடையைப் பார்க்கவும் துணிச்சல் இல்லாமல், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். அவள் சொன்னது அதிகம் இல்லை போலிருக்கிறது, மேளம் ஓய்வதற்கு முன்பே இறங்கி வந்துவிட்டாள் என்று தரையில் அவள் கால்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

மேளம் ஓய்ந்ததும் “வசந்தா” என்றான். “இலக்கியா...”

“என்னுங்க?”

“இலக்கியா ஆருன்னு...”

“என்ன கேள்வி கேக்கறீங்க?” என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே. “என்ற புள்ளைய எனக்குத் தெரியாதா?”

அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். நாங்கள் அப்போதுதான் தரையிலிருந்து கண்ணை எடுத்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதையோ தேடுகிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் புடிபட மாட்டீங்குது. செவ்வாக்கெழம ராத்திரி புள்ளைக்குக் காச்சல் வந்துது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வியாழக்கெழம. புதங்கெழம ஏனுங்க நாம போகல? எத்தன யோசிச்சாலும் அந்த எடம் மட்டும் தொடச்சு வெச்சாப்புல இருக்குது.”

அடுத்து சென்னியப்பன் செய்தது சரியா தப்பா என்று தெரியாது, வரிசையில் அடுத்த ஆளை மேடைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்த ஆள் நகரவில்லை. அருணாசலம் ‘தெரியலையே’ என்று சொல்லியிருக்கலாம், ‘பஸ் ஸ்ட்ரைக்கு’ என்று சொல்லியிருக்கலாம், எதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள், அதைத் திருத்திச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் கிடையாது. இரண்டு அடி எடுத்து வைத்து மேடையேறி விரலை ஆட்டியிருந்தால் அவனுக்கும் அது மிச்சமில்லாமல் போயிருக்கும்.

“நான்தான்” என்றான்.

“என்னது?”

“நான்தான் போக வேண்டாம்னேன். புதங்கெழம முகூர்த்தம். பெரியவருக்குக் கொழாய் வெடிச்சுப்போச்சு. சென்னியப்பண்ணன் போன் மேல போன் போட்டாரு. நீ புள்ளையத் தோள்ல போட்டுட்டு வாசல்ல நின்னே. கசாயம் வெச்சுக் குடு, நாளைக்குப் போலாம்னு சொன்னேன். நீ வண்டி ஹேண்டிலப் புடிச்சு நிறுத்துனே. நான் உன்ற கைய எடுத்துவுட்டுட்டு வந்துட்டேன்.”

மேளம் இல்லாமல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, ஒரு சொல் விடாமல் சொன்னான். அந்தப் புதன்கிழமைக் கல்யாணத்துக்குப் பேனர் அடித்தவன் நான். அங்கே இருந்த பாதிப் பேர் அன்று அதே கூடத்தில் உட்கார்ந்து, குழாய் சரியாகிக் கெட்டிமேளம் எழுந்ததும் அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிட்டவர்கள். சென்னியப்பன் பக்கத்திலிருந்த தூணில் சாய்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அன்று அந்த வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடந்தது அவருக்கு அதுவரைக்கும் தெரியாது.

வசந்தாமணி அவன் சொன்னதை, கடையில் வாங்கிய துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி, மனதுக்குள் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேடையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப, நான் அங்க சொல்லிட்டு வந்தது இதத்தான்.”

அவன் தலையை ஆட்டினான்.

“இதத் தெரிஞ்சுட்டேதான் இத்தன மாசமா உங்களுக்குச் சோறு போட்டிருக்கறேன்.”

அவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கார்த்திகையில் பிள்ளையைக் குழியில் இறக்கியபோது கூட அழாதவன் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது, அன்று அந்த மண்டபத்தில், அத்தனை பேருக்கு முன்னால், குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதான். அவளும் அழுதாள். அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமும் அந்த வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் தரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவர்களைத்தான் பார்த்தோம், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அழுது ஓய்ந்ததும் சென்னியப்பன் கிட்டே வந்தார்.

“அம்மணி, வேணும்னா இன்னொருக்கா போ. இப்பத்தான் கேட்டது, சூடு ஆறறதுக்குள்ள சொல்லிப் போட்டுட்டு வந்துரு. அருணாசலம், நீயும்...”

“வேண்டாமுங்ணா” என்றாள் வசந்தாமணி. “முன்ன அத வாய்விட்டுப் பேசாம நான் மட்டும் வெச்சுட்டிருந்திருப்பேன், அதான் கொண்டாந்து போட்டிருக்கறேன். இப்ப அவியளே சொல்லிக் குடுத்துட்டாங்க. இருக்கட்டும்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், அவனையும் கையைப் பிடித்து எழுப்பினாள். வாசலில் அவன் டி.வி.எஸ். நின்றிருந்தது. அவன் ஸ்டார்ட் செய்ய, அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சக்கரத்தில் படாமல் ஒதுக்கிக்கொண்டாள். வண்டி என் கடையைத் தாண்டும்போது அவள் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டது எனக்கும் கேட்டது.

“நாளான்னிக்கு அவளுக்குப் பொறந்தநாளு. நெனப்பு இருக்குதுங்களா?”

“இருக்குது” என்றான் அருணாசலம்.